மலைக்கு அந்தப் பக்கம்

உங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் மலை தெரிகிறதா? தெரிந்தால், அந்த மலைக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா?

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாங்கள் குடியிருக்கும் தோட்டத்திலிருந்து கிழக்கே பார்த்தால், நீலச் சுவர் எழுப்பியது போல ஒரு மலைத்தொடர் நிற்கும். தித்திவங்சா மலைத்தொடர்தான் அது. என் தாயார் 38 ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டேதான் பால்மரம் வெட்டினார். கையில் கடிகாரம் கட்டியதில்லை. சூரியன் அந்த முகட்டுக்கு மேலே வருவதற்குள் நிரையில் பாதி முடிந்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த கணக்கு.

அம்மா பிறந்தது 1951-ஆம் ஆண்டு. அவசரகாலம் கடுமையாக இருந்த நேரம். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையொட்டி வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்ததும் பெரியவர்கள் அறிந்ததே. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. வெட்டுக்குப் போகிறவர்கள் சோறு எடுத்துப் போகிறார்களா என்று வேலி வாசலில் சோதனை. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதாம்! அப்போது சிறுமியாக இருந்த அம்மா, "மலைக்கு அந்தப் பக்கம் என்னப்பா இருக்கு?" என்று தாத்தாவைக் கேட்டிருக்கிறார். தாத்தா பயந்துபோய், "அந்தப் பக்கமும் மலைதான். அங்கெல்லாம் கையை நீட்டிக் காட்டாதே" என்று அதட்டினாராம்.

இந்தக் கதையை அம்மா எங்களிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். 2023-இல் முழங்கால் வீங்கி மருத்துவமனைக்கு அழைத்துப் போய்த் திரும்பும் வழியில் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"காலு நடக்கும்போதே ஒருவாட்டி அந்தப் பக்கம் போய்ப் பாத்துடணும்யா."

நத்தை வண்டி

போவது என்று முடிவு செய்வது எளிது. எப்படிப் போவது? சுற்றுலா பஸ்ஸில் போகலாம் என்றால், அம்மாவால் இரண்டு மணி நேரம் கால் மடக்கி உட்கார முடியாது. அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டும். பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கம். ஓட்டலில் தங்கலாம் என்றால், நாங்கள் ஐந்து பேர். நான், என் துணைவியார், 14 வயது மகள், 9 வயது மகன், அம்மா. இரண்டு அறை, ஐந்து இரவு என்று தாளில் கணக்குப் போட்டேன். ஆயிரத்து இருநூறு வெள்ளிக்குக் குறையவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன்.

வீட்டையே முதுகில் சுமந்துகொண்டு போகும் நத்தை போல ஒரு வண்டி உண்டு. உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். கேம்பர்வேன் என்று பெயர். மேல்நாட்டார் இதில் குடும்பத்தோடு மலைக்கும் கடலுக்கும் போவார்கள். நம் நாட்டிலும் இப்போது வாடகைக்குக் கிடைக்கிறது. அந்த வாடகையைக் கேட்ட பிறகு ஓட்டலே மலிவு என்று தோன்றிவிட்டது!

என் மச்சான், அதாவது துணைவியாரின் தம்பி, பழைய வேன் ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறான். சன்னலும் இருக்கையும் உள்ள வேன். அதைத்தான் ஆறு நாளைக்குக் கேட்டேன். "எடுத்துக்கிட்டுப் போங்க மாமா. ஆனா சீட்டு எதையும் கழட்டாதீங்க" என்றான். அவன் சொன்னது சரி. இருக்கையைக் கழற்றுவது, கட்டில் பொருத்துவது போன்ற மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். ஆகையால் நாங்கள் எதையும் கழற்றவில்லை. பலகை வெட்டும் கடையில் மூன்று பலகைகளை அளவெடுத்து வெட்டி வாங்கினோம். பகலில் அவை கடைசி இருக்கைக்குப் பின்னால் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். இரவில் பின் இருக்கைகளின் முதுகைச் சாய்த்து, மேலே பலகையைப் போட்டு, அதன்மேல் மெத்தையை விரித்தால் மூன்று பேர் படுக்கலாம். எனக்கும் மகனுக்கும் வெளியே ஒரு சிறு கூடாரம்.

அம்மாவுக்காக இன்னொன்றும் செய்தோம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் வயதானவர் உள்ள குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். வழியில் பல இடங்களில் குந்தி உட்காரும் கழிப்பறைதான் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களால் முடியாது. பழைய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்துத் துணி சுற்றி எடுத்துக்கொண்டோம். அந்த நாற்காலி மட்டும் இல்லையென்றால் முதல் நாளே திரும்பியிருப்போம்.

துணைவியாருக்கு ஒரு கவலை. "ராத்திரி எங்கயாச்சும் அத்தைக்கு ஒடம்புக்கு முடியாமப் போனா என்ன செய்வீங்க?" நியாயமான கேள்வி. எனவே, ஆளரவமே இல்லாத இடத்தில் இரவு தங்குவதில்லை, இருட்டிய பிறகு வண்டி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். மருந்துப் பையும் மருத்துவமனை அட்டையும் டாஷ்போர்டுப் பெட்டிக்குள்.

காட்டுக்கு நடுவே ஒரு சாலை

2023 ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை. பள்ளி விடுமுறை. புளிச்சோறு, நெத்திலி சம்பல், மாங்காய் ஊறுகாய், ஒற்றை அடுப்பு, இரண்டு தண்ணீர்த் தோம்பு. பிள்ளையார் கோயில் முன் தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம்.

கோலகங்சார் தாண்டி வடக்கே லெங்கோங் பள்ளத்தாக்கு. 1991-இல் இங்குள்ள குகை ஒன்றில்தான் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் முழு எலும்புக்கூடு கிடைத்தது. 'பேராக் மனிதன்' என்கிறார்கள். 2012-இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. ஆசிரியன் அல்லவா, வண்டிக்குள்ளேயே பாடம் நடத்தத் தொடங்கினேன். "அப்பா, லீவு" என்றான் மகன். நிறுத்திக்கொண்டேன்.

கிரிக் நகரில் டாங்கியை நிரப்பிக்கொண்டு கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறினோம். கிரிக்கிலிருந்து கிளந்தானின் ஜெலி வரை சுமார் 120 கிலோமீட்டர். பெரும்பகுதி காடு. கைப்பேசி பல இடங்களில் வேலை செய்யாது.

இந்தச் சாலையின் வரலாற்றை அறிந்துகொண்டு போவது நல்லது. 1970-இல் வேலை தொடங்கி 1982-இல்தான் திறந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள்! அதற்கு முன், பேராக்கிலிருந்து காரில் கோத்தா பாரு போக வேண்டுமானால் கோலாலம்பூர் வழியாக நாட்டையே சுற்ற வேண்டும். மலையைக் குடைவது மட்டும் சிரமமாக இருக்கவில்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். இராணுவக் காவலோடு சாலை போட்டார்கள், இயந்திரங்கள் கொளுத்தப்பட்டன, வேலை செய்தவர்களில் உயிரிழந்தோரும் உண்டு. திறந்த பிறகும் தொடக்க ஆண்டுகளில் இரவில் சாலையை மூடிவிடுவார்கள். 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் அந்தப் பயம் முழுதாக நீங்கியது.

இப்போதுள்ள பயம் வேறு. யானை! மாலையானால் யானைகள் சாலையோரம் வரும். எச்சரிக்கைப் பலகைகளே வழியெங்கும் இருக்கின்றன. யானையைக் கண்டால் ஹார்ன் அடிக்காதீர்கள், விளக்கை அடித்துக் காட்டாதீர்கள், படம் எடுக்க இறங்கவே இறங்காதீர்கள். தூரத்திலேயே நிறுத்தி, அது போகும்வரை காத்திருங்கள். எங்கள் கண்ணுக்கு யானை படவில்லை. முறிந்து கிடந்த மூங்கிலும், சாலை ஓரத்தில் புதுச் சாணமும்தான். மகனுக்குப் பெரிய ஏமாற்றம். அம்மா சாணத்தைப் பார்த்தே "பிள்ளையாரப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்றிரவு பண்டிங்கில் தங்கினோம். பேராக் ஆற்றை மின்சாரத்துக்காக அணை கட்டித் தடுத்தபோது பள்ளத்தாக்குகள் மூழ்கிப் பெரிய ஏரியாயின. குன்றின் உச்சி ஒன்று தீவானது, அதுதான் பண்டிங். இரு பக்கமும் பாலம் போட்டுச் சாலையை அதன் வழியே கொண்டுபோயிருக்கிறார்கள். மூழ்கிய மரங்களின் மொட்டைக் கிளைகள் இன்னும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வடக்கே இருப்பது ரோயல் பெலும் காடு. 2007-இல் மாநிலப் பூங்காவாக்கப்பட்டது. இந்தக் காட்டுப் பகுதியில் பத்து வகை இருவாட்சிப் பறவைகள் உள்ளன.

விடியற்காலை நாலு மணிக்குக் கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். அம்மா வேன் கதவைத் திறந்துவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். பெரட்டுக்கு எழுந்த 38 ஆண்டுப் பழக்கம். வெளுக்கும் நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து ஊங்கா குரங்குகள் ஒன்றுக்கொன்று கூவத் தொடங்கின. நம் தோட்டத்துப் பெண்கள் நிரைக்கு நிரை குரல் கொடுப்பது போலவே இருந்தது. பிறகு தலைக்கு மேலே ரயில் போவது போல ஒரு சத்தம். இரண்டு பெரிய இருவாட்சிகள், இறக்கை அடித்துக்கொண்டு ஏரியைக் கடந்தன.

"சத்தம் போடாதே, அவங்க வேலைக்குப் போறாங்க" என்றார் அம்மா.

இறங்கும்போது

மறுநாள் காலை ஏற்றம். இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறியது வண்டி. பேராக், கிளந்தான் எல்லையில், சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் தித்திவங்சா ஓய்வு நிலையம் இருக்கிறது. பனிமூட்டம் கடைகளுக்குள்ளேயே புகுந்துகொண்டிருந்தது. அம்மாவைக் கைபிடித்துக் கம்பி வேலி ஓரம் அழைத்துப் போனேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை கிடைக்கப் போகிறது! மூட்டம் கொஞ்சம் விலகியது. கிழக்கே பார்த்தோம்.

மலை. அதற்குப் பின்னால் இன்னொரு மலை. அதற்கும் பின்னால் ஒன்று.

அம்மா சிரித்த சிரிப்பில் தேநீர்க் கடைக்காரரே திரும்பிப் பார்த்தார். "எங்கப்பா சொன்னது பொய்யில்லடா!"

நான் ஒரு தவறு செய்ததும் அந்த இறக்கத்தில்தான். மச்சான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: "மாமா, எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்லதான் எறங்கணும்." நான் பனியும் காட்சியும் பார்த்த மயக்கத்தில் நாலாவது கியரில் வண்டியை விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பின்னாலிருந்து அம்மா குரல்:

"ஐயா, புகைக்கூடத்து வாடை வருது."

எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. ரப்பர்த் தகடு காயும் புகைக்கூடத்தின் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர் மூக்கு அது. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். கால் வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போயிற்று. நெஞ்சு நின்றுவிட்டது போல் இருந்தது. அவசரமாகக் கியரைக் குறைத்தேன். எஞ்சின் கத்தியது, வண்டி மெதுவானது. இடப்பக்கம் அகலமான ஓரம் ஒன்று கிடைத்தது, ஒதுக்கி நிறுத்தினேன். முன்சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை. கூடாரக் கம்பியைத் தேடுவது போல நடித்தேன். பிள்ளைகள் என் கை நடுங்குவதைப் பார்த்துவிடக் கூடாது.

நடப்பது இதுதான், வாசகர்களே. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் உராய்வில் பிரேக் கட்டைகள் பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கும். சூடு அதிகமானால் பிரேக் எண்ணெயே கொதித்துக் குமிழியிடும்; அப்புறம் மிதித்தால் குமிழிதான் நசுங்குமே தவிர சக்கரம் நிற்காது. கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை இடையிடையே அழுத்தினால் போதும். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, விரிசல் விடும். நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு இரண்டாவது கியரில் கட்டைவண்டி வேகத்தில் இறங்கினேன். பின்னால் வந்த கார்க்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. 2025 ஜூன் 9-ஆம் தேதி அதிகாலை, இதே சாலையில் பண்டிங் பக்கம் பஸ் கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டார்கள். ஆசிரியர்களை உருவாக்கும் தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகம் அது. செய்தியைக் கேட்ட அன்று எனக்கு வகுப்பில் பாடம் ஓடவில்லை.

மணலும் சங்குப்பூவும்

ஜெலியைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. ரப்பர், நெல், தென்னை என்று மாறி மாறி வந்து, மாலைக்குள் பாச்சோக் கடற்கரை. தென்சீனக் கடலை அம்மா முதன்முதலாகப் பார்த்தார். பினாங்குக் கடலையும் லூமுட் கடலையும் பார்த்தவர்தான். ஆனால் அங்கெல்லாம் சூரியன் கடலில் இறங்கும். இங்கே கடலிலிருந்து ஏறும். "அப்போ நம்ம மலைக்கு வர்றதுக்கு முன்னாடி இங்கதான் வருதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காலையில் பார்த்தே தீர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கடலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நிறுத்தலாமே என்று வண்டியை முன்னால் விட்டேன். அவ்வளவுதான், பின்சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. முடுக்க முடுக்க இன்னும் இறங்கியது. மீனவர்கள் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். அவர்கள் பேசிய கிளந்தான் மலாய், மலாய்ப் பாடமும் நடத்தும் எனக்கே பாதிதான் புரிந்தது! ஒருவர் சக்கரத்துக் காற்றைப் பாதியளவு இறக்கிவிட்டார். டயர் பரந்துகொண்டால் மணலில் புதையாதாம். சக்கரத்தடியில் எங்கள் படுக்கைப் பலகைகளைச் செருகி ஒரே தள்ளு. வெளியே வந்துவிட்டது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. துணைவியார் கொடுத்த மாங்காய் ஊறுகாய்ப் போத்தலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கடற்கரையில் தங்குவோர் கெட்டித் தரையிலேயே நிறுத்துங்கள். தென்னை மரத்தடியிலும் வேண்டாம். நிழல் நன்றாக இருக்கும், தேங்காய் விழுந்தால் கண்ணாடி போய்விடும்.

வேனில் தூங்கும்போது சன்னலை இரண்டு விரல் அளவு திறந்து கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு புழுக்கமானாலும் எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்சாதனம் போட்டுத் தூங்காதீர்கள். வண்டிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அடுப்பும் வெளியேதான்.

மறுநாள் காலை சூரியன் தெரியவில்லை. வானம் முழுக்க மேகம். அம்மா ஏமாற்றத்தை வெளியே காட்டவில்லை, கோப்பியை மட்டும் பாதியில் வைத்துவிட்டார்.

பசியாற ஒரு மக்சிக் கடையில் நாசி கெராபு வாங்கினோம். நீல நிறச் சோறு! மகன் தொடமாட்டேன் என்றான். எப்படி நீலமாயிற்று என்று கேட்டதற்கு, கடைக்கார அம்மையார் வேலிப்பக்கம் போய் ஒரு பூவைக் கிள்ளி வந்து காட்டினார். அட, நம் சங்குப்பூ! சாமிக்கு வைக்கும் பூவைச் சோற்றில் போடுகிறார்களே என்று அம்மாவுக்கு வியப்பு. அந்த அம்மையாரும் அம்மாவும் ஆளுக்கொரு மொழியில் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் முழங்கால் வலி என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

கிழக்குக் கரையில் நம்மவர்கள் குறைவு. கிளந்தானில் இருப்பது ஒரே ஒரு தமிழ்ப் பள்ளி. திரங்கானுவில் ஒன்றுகூட இல்லை. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டு போனால் குழந்தைகள் நின்று பார்த்தார்கள். பெசுட், செத்தியு வழியாக, ஒரு பக்கம் தென்னையும் மறுபக்கம் கடலுமாகக் கோலத் திரங்கானு சேர்ந்தோம். அங்கே கெரோப்போக் லேகோர் தின்றதையும், மகளின் செருப்பு அலையில் போனதையும் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மா ஏறாத பஸ்

ஆகஸ்ட் 31, சுதந்திர நாள். வண்டிக்கு ஒரு கொடி கட்டி மாராங்கைக் கடந்து ரந்தாவ் அபாங் போனோம். இந்தப் பெயரைக் கேட்டதும் பெரியவர்களுக்குக் கடலாமை நினைவுக்கு வரும்.

1980-களின் நடுவில் எங்கள் தோட்டத்திலிருந்தே ஒரு பஸ் பிடித்து ஆமை பார்க்க இங்கே வந்தார்கள். அம்மா வரவில்லை. மூன்று நாள் சம்பளம் போய்விடும். நாங்கள் சின்னப் பிள்ளைகள். போய் வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் அந்தக் கதையைச் சொன்னார்கள். அலையிலிருந்து கரும்பாறை ஒன்று நகர்ந்து வருவது போல வருமாம். பின்னங்கால்களால் குழி தோண்டி முட்டையிடுமாம். அப்போது அதன் கண்ணிலிருந்து நீர் வழியுமாம். தோல்முதுகு ஆமை என்று பெயர். உலகக் கடலாமைகளிலேயே பெரியது. முந்நூறு, நானூறு கிலோ எடை இருக்கும். கெட்டி ஓடு கிடையாது. சொறிமீன்தான் முக்கிய உணவு.

1950-களில் திரங்கானுக் கரையில் ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரம் தோல்முதுகு ஆமைக் கூடுகள் இருந்தன. இப்போது ஓர் ஆண்டில் ஒன்று வந்தாலே பெரிய செய்தி. தொண்ணூற்றொன்பது விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. முட்டைகளை மனிதர் தோண்டி எடுத்துத் தின்றார்கள். கடலில் மீன் வலைகளில் சிக்கி ஆமைகள் மாண்டன. பார்க்க வந்த கூட்டம் விளக்கடித்தது, முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்தது. நம் தோட்டத்து பஸ்ஸில் போனவர் வீட்டிலும் அப்படி ஒரு படம் சுவரில் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். 2022-இல் திரங்கானு அரசு எந்த ஆமை முட்டையையும் விற்கக் கூடாது என்று தடை போட்டது. பச்சை ஆமைகளாவது மிஞ்சட்டும்.

கடற்கரை வெறுமையாக இருந்தது. அம்மா நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். ஓட்டை போட்டதல்ல, வேறு நாற்காலி! "அந்த பஸ்ஸுல ஏறியிருக்கலாம்" என்றார். யாரும் பதில் பேசவில்லை. என்னையும் தம்பியையும் வளர்க்கத்தான் ஏறாமல் நின்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

பொழுது சாய்ந்து சற்று நேரத்தில் மகள்தான் முதலில் பார்த்தாள். "பாட்டி, அங்க பாருங்க!" கடல்மட்டத்தில் செம்மஞ்சள் விளிம்பு ஒன்று. அன்று பௌர்ணமி. அதுவும் நிலா பூமிக்குப் பக்கத்தில் வரும் பௌர்ணமி. ஒரே மாதத்தில் இரண்டாவது என்று நாளிதழ்களெல்லாம் எழுதியிருந்தன. பயண அவசரத்தில் நான் மறந்தே போயிருந்தேன். பித்தளைத் தாம்பாளம் போலத் தண்ணீரிலிருந்து கழன்று மேலே வந்தது. கரைவரைக்கும் தண்ணீரில் ஒரு வெளிச்சப் பாதை. அம்மா கைகூப்பிக்கொண்டிருந்தார். மகன் என் மடியில் சாய்ந்து, "அப்பா, இப்போ பாடம் சொல்லுங்க" என்றான். நிலா எழும்போது ஏன் சிவந்து தெரிகிறது என்று சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டான்.

அடுத்த நாள் காலை அங்கேயே சூரியனையும் பார்த்துவிட்டோம். ஏழு மணி வாக்கில், மேகம் இல்லாத வானத்தில், கடலிலிருந்து வந்தது. நிலாவைப் பார்த்த அளவுக்கு அம்மா ஆரவாரம் செய்யவில்லை. கண்ணுக்குக் கை கொடுத்துப் பார்த்தார். திரும்பி மேற்கே பார்த்தார்.

"இந்நேரம் நம்ம தோட்டத்துல இன்னும் மலை மறைச்சிக்கிட்டு இருக்கும். மங்குல பால் சொட்டிக்கிட்டு இருக்கும்" என்றார். பிறகு கோப்பியை முழுதாகக் குடித்தார்.

திரும்பி வந்த கணக்கு

பாக்கா, கெர்த்தே பக்கம் எண்ணெய் ஆலைகளின் நெருப்பு. குவாந்தானில் தெலுக் செம்பெடாக்கில் ஒரு இரவு. பிறகு நெடுஞ்சாலைகள் வழியே காராக், கோலாலம்பூர், வீடு. மொத்தம் சுமார் 1,200 கிலோமீட்டர். டீசல் அப்போது லிட்டர் 2 வெள்ளி 15 காசு. 260 வெள்ளி ஆயிற்று. பிறகு 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் உதவித்தொகையை எடுத்ததும் விலை ஏறிவிட்டது. இப்போது போகிறவர்கள் அன்றைய விலையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். சாலைக் கட்டணம் சுமார் 70, சாப்பாடு 310, தங்கிய இடங்களில் கொடுத்தது 40, பலகை 55. பிரேக்கைப் பார்த்த மெக்கானிக்குக்கு 180. அந்தக் கடைசித் தொகை என் அறிவுக்குக் கட்டிய கட்டணம். மச்சானிடம் மறைக்கவில்லை.

அம்மாவுக்குக் கால் வீக்கம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் லயத்துப் பெண்களெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நீலச்சோறு, யானைச் சாணம், நிலா எல்லாம் சொல்லியாயிற்று. புகைக்கூடத்து வாடையைப் பற்றி மட்டும் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்.

உங்களில் யாராவது கிழக்குக் கரை போவதாக இருந்தால் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை; கடல் கொந்தளிக்கும், கிளந்தானில் வெள்ளம் வரும். அடுத்த டிசம்பர் விடுமுறைக்கு வண்டி தருகிறேன் என்று மச்சான் சொல்லியிருக்கிறான். ஆகையால் இந்தத் தடவை தெற்கே, மலாக்கா பக்கம். அங்கே மலை இல்லை, பிரேக்குக்குப் பயமில்லை. அம்மா ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி உப்பில் போட்டுவிட்டார். இரண்டு போத்தல். ஒன்று வழியில் யாருக்காவது கொடுக்கவாம்.